இத்தெகிமாஸ், போயிட்டு வர்றேன்

ஜப்பானுக்கு வேலைக்கு வர்ற நம்ம ஆளுங்க பெரும்பாலும் கையில ஒரு தாளோடதான் வந்து இறங்குவாங்க. கம்பெனியில குடுத்ததா இருக்கும், இல்லைன்னா முன்னாடி வந்துட்டுப் போன நண்பர் அனுப்பினதா இருக்கும். அதுல ஒரு பத்து வார்த்தை. ஒஹாயோ கொஸாய்மாஸ் என்றால் காலை வணக்கம். கொன்னிச்சிவா என்றால் மதிய வணக்கம். கொன்பன்வா, மாலை வணக்கம். ஒயாசுமினசாய், இரவு வணக்கம். அரிகதோ, நன்றி. கடைசியா சயோனாரா. அது ஏற்கெனவே தெரியும், பழைய இந்திப் பாட்டு கேட்டவங்க எல்லாருக்கும் தெரியும்.

இந்தத் தாளைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம். நம்ம வீட்டுல யாராவது யாருக்காவது "மதிய வணக்கம்" சொல்லிக் கேட்டிருக்கீங்களா? "இரவு வணக்கம்" சொல்லிட்டுப் பாயை விரிச்ச அப்பா எந்த ஊர்லயாவது உண்டா? தாளோட இடது பக்கம் இருக்கறது ஜப்பான்காரங்க தினமும் வாயில வர்ற பேச்சு. வலது பக்கம் இருக்கறது "குட் மார்னிங், குட் ஆஃப்டர்நூன்" ரெண்டையும் தமிழ்ல பேர் மாத்தி வெச்ச டிவி பேச்சு. ஜப்பானிய மொழியைத் தமிழ் வழியா கத்துக்கறோம்னு பேரு, நடுவுல இங்கிலீஷ் உக்காந்திருக்கு.

இது சின்ன விஷயமாத்தான் தெரியும். ஆனா வெளிநாட்டுல பிள்ளை வளர்க்கறவங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லைன்னு நான் நினைக்கறேன். ஏன்னு சொல்றதுக்கு முன்னாடி, அந்த வார்த்தைகளுக்கு உண்மையில என்ன அர்த்தம்னு பாத்துடலாம்.

ஒஹாயோ. 'ஹயாய்'னா சீக்கிரம். அதுக்கு மரியாதை சேர்த்தா ஒஹாயோ. அதாவது "என்ன, வெள்ளனவே எந்திரிச்சிட்டீங்க போல". எங்க திருநெல்வேலிப் பக்கம் காலையில தெருவுல வாசல் தெளிக்கும்போது ஒருத்தரை ஒருத்தர் பாத்தா இதைத்தான் கேப்பாங்க. கொன்னிச்சிவான்னா "இன்னைக்கு வந்து..."ன்னு ஆரம்பிச்சு பாதியில நிக்கற வாக்கியம். இன்னைக்கு வெயில் ஜாஸ்தி, இன்னைக்கு குளிர் கம்மின்னு மீதி இருந்திருக்கும், காலப்போக்குல வாலை வெட்டிட்டாங்க. கொன்பன்வாவும் அப்படித்தான், "இந்த ராத்திரி வந்து...". ஒயாசுமினசாய்னா "ஓய்வெடுங்க". நாம சொல்ற "சரி, போய்ப் படுங்க".

சயோனாராதான் எனக்குப் பிடிச்சது. 'சயோ நாரா'ன்னா "அப்படின்னா..." அவ்வளவுதான். அப்படின்னா என்ன? ஒண்ணுமில்லை. "அப்படின்னா கிளம்பறேன்"ல கிளம்பறதை விட்டுட்டாங்க, அப்படின்னா மட்டும் மிச்சம். நம்ம ஊர்ல போனை வைக்கறதுக்கு முன்னாடி என்ன சொல்றோம்? "சரி, அப்ப..." மலையாளத்துல "என்னா சரி". மூணும் ஒரே பேச்சு. பிரியறதை வாய்விட்டுச் சொல்ல மனசு வராத ஜனங்க மூணு பேரும் ஒரே மாதிரி முழுங்கியிருக்காங்க. (இங்க பெரியவங்க தினப்படிக்கு சயோனாரா சொல்றது குறைவு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க டீச்சர்கிட்ட சொல்லும். ஆபீஸ்ல யாராவது உங்ககிட்ட உருக்கமா சயோனாரா சொன்னா கொஞ்சம் யோசிங்க :-) )

மலையாளம் எங்கேர்ந்து வந்துதுன்னு கேப்பீங்க. இந்த மாதிரி பேச்சையெல்லாம் காது குடுத்துக் கேக்கற பழக்கம் எனக்கு வந்தது டோக்கியோவுல இல்லை, கொச்சியில. இங்க வர்றதுக்கு முன்னாடி, 2006-லேர்ந்து 2010 வரைக்கும் நாலு வருஷம் கொச்சியில வேலை. வாடகைக்கு இருந்தது மட்டாஞ்சேரி பக்கத்துல கொச்சங்காடி. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்துக்கங்க. (கொச்சியில அது நிஜமாவே தினமும் தேவைப்படும்.)

கொச்சங்காடி பழைய இடம். 1341-ல பெரியாறு வெள்ளத்துல கொடுங்கல்லூர் துறைமுகம் தூர்ந்துபோக, அங்கேர்ந்து இடம் பெயர்ந்த யூதர்கள் 1344-ல தொழுகைக்கூடம் கட்டின இடம். அந்தக் கட்டடம் இப்ப இல்லை, அதோட கல்வெட்டு மட்டும் பக்கத்துல யூதத்தெருவுல இருக்கற பரதேசி தொழுகைக்கூடத்துச் சுவர்ல பதிச்சிருக்கு. அங்காடிங்கற வார்த்தையைப் பாருங்க. பழைய மதுரையில பகல் கடைவீதிக்கு நாளங்காடி, ராத்திரி கடைவீதிக்கு அல்லங்காடி. நாம பேச்சுலேர்ந்து அதை விட்டுட்டு பஜாருக்கும் மார்க்கெட்டுக்கும் போயிட்டோம், மலையாளத்துக்காரங்க ஊர்ப்பேர்ல பத்திரமா வெச்சிருக்காங்க.

மட்டாஞ்சேரியில கொஞ்ச தூரம் நடந்தீங்கன்னா நாலஞ்சு மொழி காதுல விழும். எங்க சந்துல முக்கால்வாசி முஸ்லிம் வீடுங்க. காலையில "அஸ்ஸலாமு அலைக்கும்"னு ஒரு குரல், "வ அலைக்கும் அஸ்ஸலாம்"னு உடனே எதிர்க்குரல். குஜராத்தி ரோடு பக்கம் போனா "கெம் சோ", அதுக்கு "மஜா மா". ஜைனர்னா "ஜெய் ஜினேந்திரா". கொங்கணி பேசறவங்க கடையில சாமான் வாங்கினா "தேவு பரெ கரொ", கடவுள் நல்லது செய்யட்டும்னு அர்த்தம், அதுதான் அவங்க நன்றி. யூதத்தெருவுல அப்ப விரல் விட்டு எண்ணற அளவுதான் யூதர்கள் மிச்சம், கடைவாசல்ல "ஷாலோம்" கேட்டிருக்கேன். ஃபோர்ட் கொச்சி வெளியில இருக்கற சலவைத்துறைக்குப் போனா தமிழ். தலைமுறை தலைமுறையா அங்கேயே இருக்கற தமிழ்ச் சலவைத் தொழிலாளர்கள். நான் துணிமூட்டையோட நின்ன முதல் நாளே "வாங்க, எந்த ஊரு?"ன்னாங்க. அந்த "வாங்க"வைக் கேட்டு ரொம்ப நாளாச்சுன்னு அப்பதான் உறைச்சது.

மலையாளிங்க என்ன சொல்வாங்க? "நமஸ்காரம்"ங்கறது மேடைக்கும் டிவிக்கும்தான். பக்கத்து வீட்டு இத்தா என் மனைவியைப் பாத்தா "சாய குடிச்சோ?"ன்னு கேப்பாங்க. மத்தியானம் பாத்தா "சோறு உண்டோ?". கிளம்பும்போது "என்னா சரி, பின்னெ காணாம்". தங்கமணி முதல் ஒரு மாசம் தினமும் உண்மையைச் சொல்லிக்கிட்டிருந்தாங்க. "இல்லைங்க, பால் இன்னும் வரலை, அப்புறம்தான் டீ போடணும்"னு. அந்தம்மாவும் பொறுமையா கேட்டுக்குவாங்க. அப்புறம் புரிஞ்சுது, இதுக்கு "குடிச்சு"ன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், குடிச்சாலும் குடிக்கலைன்னாலும்.

இதுல வேடிக்கை, நம்ம ஊர்லயும் "சாப்ட்டாச்சா"தான். தமிழ்ல கேட்டா அது வணக்கம்னு தானா புரியுது, பக்கத்து மொழியில கேட்டா கேள்வி மாதிரித் தெரியுது. சீனத்துல "சாப்ட்டீங்களா"ன்னு விசாரிக்கறது பழைய வழக்கம், கொரியாவுலயும் உண்டு. ஜப்பான்ல இதே இடத்துல இன்னொண்ணு இருக்கு. பக்கத்து வீட்டுப் பாட்டி வெளிய கிளம்பற உங்களைப் பாத்தா "ஒதெகாகெ தெஸ் கா?"ம்பாங்க. வெளிய கிளம்பிட்டீங்களா? அதுக்கு நீங்க எந்த ஸ்டேஷன், எந்த லைன்னு விலாவாரியா சொல்ல வேண்டியதில்லை. "ச்சொத்தோ சொகொ மாதெ". இங்க பக்கத்துலதான். நம்ம ஊர்ல கிளம்பறவங்களை "எங்க போற"ன்னு கேட்டா சகுனத்தடை, அதனால "தூரமா?"ன்னு கேப்பாங்க. "இங்கதான்"னு பதில். வேலைக்கு சவுதிக்கே கிளம்பினாலும் "இங்கதான்".

இப்ப தலைப்புக்கு வர்றேன்.

ஜப்பான்ல வீட்டை விட்டுக் கிளம்பறவங்க "இத்தெகிமாஸ்"னு சொல்லணும். வீட்டுல இருக்கறவங்க "இத்தெராஷ்ஷாய்"னு சொல்லணும். திரும்பி வந்தா வாசல்ல செருப்பைக் கழட்டும்போது "ததாய்மா". உள்ளேர்ந்து "ஒகாயெரி". இந்த நாலும் சொல்லாத வீடு இங்க அபூர்வம். தனியா இருக்கறவங்க சிலபேர் காலி வீட்டைப் பாத்தே ததாய்மா சொல்லிக்குவாங்க.

'இத்தெ'ன்னா போய். 'கிமாஸ்'னா வர்றேன். போய் வர்றேன். அச்சு அசலா "போயிட்டு வர்றேன்". 'இத்தெ'யும் 'இராஷ்ஷாய்'யும் சேர்ந்தது இத்தெராஷ்ஷாய், இராஷ்ஷாய்னா வாங்க, ஆக "போயிட்டு வாங்க". (கடைக்குள்ள நுழைஞ்சதும் கத்தறாங்களே "இராஷ்ஷாய்மாஸே", அதுவும் இதே வாங்கதான். தி.நகர் ஜவுளிக்கடை வாசல்ல நிக்கறவர் சொல்றது. அதுக்குப் பதில் சொல்ல வேண்டாம். புதுசா வந்தவங்க ஒவ்வொரு கடையிலயும் குனிஞ்சு குனிஞ்சு பதில் வணக்கம் சொல்றதைப் பாத்தா பாவமா இருக்கும்.) 'ததாய்மா'ன்னா "இப்பத்தான்". இப்பத்தான் வந்தேன்ல வந்தேன் உதிர்ந்துபோச்சு. ஒகாயெரின்னா திரும்பி வா.

தமிழ்ல போறவன் "போறேன்"னு சொல்லக்கூடாது. சொன்னா பாட்டி பதறிடுவாங்க, "வர்றேன்னு சொல்லுடா". யாழ்ப்பாணத்து நண்பர் "போட்டு வாறன்" என்பார். மலையாளத்துல "போயிட்டு வராம்". தெலுங்கு, கன்னடம் ரெண்டுலயும் இதேதான். கொரியாவுலயும் போயிட்டு வர்றேன்னுதான் கிளம்பறாங்க.

உடனே சிலபேருக்கு ஜப்பானிய மொழியே தமிழ்லேர்ந்து வந்துதுங்கற கட்டுரை ஞாபகம் வரும். சுசுமு ஓனோங்கற பேராசிரியர் ரெண்டு மொழிக்கும் உறவு இருக்குன்னு பல வருஷம் எழுதினார், யாழ்ப்பாணத்து சண்முகதாஸ் தம்பதியோட சேர்ந்து வேலை செஞ்சார், 2008-ல காலமானார். அவர் உழைப்பு மேல மரியாதை உண்டு. ஆனா மொழியியல் அறிஞர்கள் பெரும்பாலும் அதை ஏத்துக்கலை. என் பங்குக்கு இத்தெகிமாஸையும் சாட்சியா கொண்டுபோய் நிறுத்த எனக்கு ஆசையில்லை. வினையெச்சம் வெச்சு வாக்கியம் கோக்கற மொழி ரெண்டும், அதனால நமக்கு ஜப்பானிய இலக்கணம் சுலபமா வரும், இது நிஜம். மத்தபடி, வீட்டை விட்டுக் கிளம்பற பிள்ளை திரும்பி வரணும்ங்கற கவலை எல்லா ஊர் அம்மாவுக்கும் உண்டு.

அரிகதோ பத்தி இன்னொரு கதை உலாவும், அது போர்ச்சுகீசிய 'ஒப்ரிகாதோ'லேர்ந்து வந்ததுன்னு. கொச்சியில இருந்தவனுக்கு போர்ச்சுகீசியர் பேச்சை எடுத்தா சும்மா இருக்க முடியாது. 1500-ல கொச்சிக்கு வந்தவங்க 1543-லதான் ஜப்பான் கரையைத் தொட்டாங்க. 1542-லேர்ந்து நம்ம முத்துக்குளித்துறையில அலைஞ்ச பிரான்சிஸ் சவேரியார் 1549 ஆகஸ்ட்ல ககோஷிமாவுல போய் இறங்கினார். ஆனா 'அரிகதாஷி'ங்கற சொல் அதுக்கு 500 வருஷம் முன்னாடியே ஜப்பானியத்துல இருக்கு. கி.பி. 1000 வாக்குல செய் ஷோனாகோன்ங்கற அரண்மனைப் பெண்மணி எழுதின குறிப்புகள்ல 'அரிகதாகி மொனோ'ன்னு ஒரு பகுதியே உண்டு. அப்ப அதுக்கு அர்த்தம், இருக்கறதுக்கு அரிதானது. கிடைக்காதது கிடைச்சுதேங்கற நெகிழ்ச்சிதான் பின்னால நன்றியா மாறிச்சு.

போர்ச்சுகீசியர் விட்டுட்டுப் போனது வேற. நம்ம சட்டையில பொத்தான், ஜப்பான்காரன் சட்டையில 'பொதான்', ரெண்டும் ஒரே கப்பல்ல வந்த வார்த்தை. நமக்கு ஜன்னல், சாவி, அலமாரி, மேசை. அவங்களுக்கு ரொட்டிக்கு 'பான்', புகையிலைக்கு 'தபாகோ'. கவனிச்சீங்களா, எல்லாம் சாமான். இத்தனை சாமான் வந்தும், கொச்சியிலயோ ககோஷிமாவுலயோ வாசல்ல வந்தவனை வரவேற்க யாரும் போர்ச்சுகீசியச் சொல்லைக் கடன் வாங்கினதாத் தெரியலை. ஜன்னல் அவனோடதா இருக்கட்டும், ஜன்னல் வழியா "யாரு, வாங்க"ன்னு கூப்பிடறது நம்மளோடது. மட்டாஞ்சேரியில இத்தனை சாதி சனம் தோளோட தோள் உரசிக்கிட்டு இருந்தும் ஒவ்வொருத்தரும் வீட்டு வாசல் பேச்சை மட்டும் மாத்திக்கலை. கடையில மலையாளம், வாசல்ல அவங்கவங்க மொழி.

நாம அதைத்தான் முதல்ல விடறோம்னு எனக்குத் தோணுது.

என் மகள் டோக்கியோவுல பிறந்தவ. இப்ப மூணாம் வகுப்பு. வீட்டுல தமிழ்தான் பேசறோம், அவளும் பேசுவா, கதைப்புத்தகம் எழுத்துக்கூட்டிப் படிப்பா. ஆனா காலையில பையை மாட்டிக்கிட்டுக் கிளம்பும்போது வாயில வர்றது "இத்தெகிமாஸ்". சாயங்காலம் "ததாய்மா". தட்டு முன்னால உக்காந்தா கையைக் கூப்பி "இததாகிமாஸ்". முடிச்சா "கொச்சிஸோஸமா". (இதைத் தமிழ்ல எழுதினா கொச்சி வந்துடுது பாருங்க. எனக்காகத்தான்.) குழந்தைகள் காப்பகத்துல ரெண்டு வயசுலேர்ந்து தினமும் சொல்லிச் சொல்லி எலும்புல ஏறிடுச்சு. பள்ளிக்கூடத்துல 'அய்சாத்ஸு' வாரம்னு வெச்சு, வாசல்ல டீச்சருங்களும் பெரிய பிள்ளைங்களும் வரிசையா நின்னு உள்ள வர்ற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒஹாயோ சொல்வாங்க. நான் வந்த அடுத்த வருஷம், 2011 மார்ச் 11 பூகம்பம். கம்பெனிகளெல்லாம் விளம்பரத்தை நிறுத்திட, டிவியில அந்த இடத்தையெல்லாம் பொதுநல விளம்பரம் போட்டு நிரப்பினாங்க. அதுல ஒண்ணு வணக்கம் சொல்லக் கத்துக்குடுக்கற கார்ட்டூன். கொன்னிச்சிவா சொல்ற நாய், அரிகதோ சொல்ற முயல், சயோனாரா சொல்ற சிங்கம். அணுஉலை என்ன ஆகுமோன்னு வயித்துல நெருப்போட டிவி முன்னால உக்காந்திருந்தா, செய்திக்கு நடுவுல அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் முயல் வந்து வணக்கம் சொல்லும். அந்த நாள்ல இங்க இருந்த எல்லாருக்கும் அது மறக்காது. அந்த அளவுக்கு இந்த நாட்டுல இது சொல்லிக்குடுக்கற விஷயம்.

நாம பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்குடுக்கறோம்? "மாமாவுக்கு வணக்கம் சொல்லு." பொங்கல் விழா மேடையில பட்டுப்பாவாடை கட்டி "அனைவருக்கும் வணக்கம்". வணக்கத்துல எனக்கு ஒரு விரோதமும் இல்லை. நமஸ்காரம்னு சொல்லிக்கிட்டிருந்த மேடைகளை இருபதாம் நூற்றாண்டுல தமிழாக்கின சொல் அது, அதுக்குப் பின்னால பெரிய இயக்கம் இருக்கு. ஆனா எந்தப் பாட்டியும் பேத்திக்கு வணக்கம் சொல்றதில்லை. வாராவாரம் போன்ல எங்கம்மா முதல்ல கேக்கறது "சாப்ட்டியாம்மா?". என் மகள் ஒருநாள் போனை வெச்சதும் கேட்டா, "ஏம்ப்பா ஆச்சி எப்பப் பாத்தாலும் சாப்பாட்டைப் பத்தியே கேக்கறாங்க? நான் சாப்பிடலைன்னு நினைக்கறாங்களா?"

அவளுக்கு அது வெறும் கேள்வி. "ஒதெகாகெ தெஸ் கா"ன்னு கீழ்வீட்டுப் பாட்டி கேட்டா அது கேள்வி இல்லைன்னு அவளுக்குத் தெரியும், எட்டு வயசுல அழகா "ச்சொத்தோ சொகொ மாதெ"ன்னு சொல்லிட்டுப் போவா. சொந்த ஆச்சி கேட்டா, கொச்சங்காடியில தங்கமணி சொன்ன மாதிரி, "இல்லை ஆச்சி, இங்க இன்னும் மணி ஆகலை"ன்னு விவரம் சொல்றா. ஆச்சிக்கும் பதில் சரியா விழாம, பேச்சு அங்கேயே நின்னுடும். அப்புறம் "சரி, அப்பாகிட்ட குடு". வார்த்தை எல்லாம் தெரியும், இலக்கணம் சரி, உச்சரிப்பு சரி. ஆனா ஆச்சியோட முதல் வரியிலயே ரெண்டு பேருக்கும் நடுவுல வாசல் சாத்திக்குது. மொழி போறது இப்படித்தான் போகும்போல. பெரிய வார்த்தைகள் கடைசி வரைக்கும் இருக்கும், அகராதியில இருக்கும், பட்டிமன்றத்துல இருக்கும். "வந்துட்டியா", "சரி, அப்ப", "வைக்கட்டுமா" இதுங்கதான் முன்னாடியே சொல்லாமக் கொள்ளாமப் போகும், ஏன்னா இதெல்லாம் சொல்லிக்குடுக்க வேண்டிய விஷயம்னே நமக்குத் தோணறதில்லை.

நிஷிகாசாய் பக்கம் இருக்கற நண்பர் ஒருத்தர்கிட்ட இதைச் சொன்னேன். 2000-ம் வருஷக் கம்ப்யூட்டர் பிரச்சினை காலத்துலேர்ந்து நம்ம ஆளுங்க வந்து குவிஞ்ச பேட்டை அது. அவர் சொன்னார், "எந்த மொழியில சொன்னா என்ன சார், வீட்டுக்கு வந்தா வந்தேன்னு சொல்லுதே பிள்ளை, அதுவே பெரிசு. லண்டன்ல என் தம்பி பையன் வந்தது போனதே தெரியாது, நேரா ரூமுக்குள்ள போய் கதவைச் சாத்திக்கறான்." நியாயம்தான். ஜப்பான் நமக்குப் பண்ணியிருக்கற உபகாரம் அது, மறுக்கலை. இன்னொருத்தர் இதெல்லாம் எந்திரத்தனம், மனசுலேர்ந்து வர்றதில்லைன்னார். அதை நான் ஒத்துக்க மாட்டேன். சலாத்துக்குப் பதில் சலாம் எங்க சந்துல தானாத்தான் வந்துது, அதுக்காக அன்பில்லைன்னு ஆயிடுமா? தினமும் புதுசா யோசிச்சு அன்பு காட்ட யாராலயும் முடியாது. அதுக்குத்தான் தயாரா ஒரு வார்த்தை, அதுக்குத் தயாரா ஒரு பதில்.

நன்றி விஷயத்துல மட்டும் எனக்கு ரெண்டு மனசு. அம்மா தண்ணி கொண்டுவந்து குடுத்தா நாம நன்றி சொன்னதில்லை, சொன்னா அந்நியமா இருக்கும். என் மகள் தண்ணி குடுத்தாலும் அரிகதோ சொல்றா, கேக்க நல்லாத்தான் இருக்கு. அதைத் தமிழ்ல மாத்தி "நன்றி அம்மா"ன்னு சொல்லச் சொன்னா செய்தி வாசிக்கற மாதிரி இருக்கு. அதனால அது ஜப்பானியத்துலயே இருக்கட்டும்னு விட்டுட்டோம். இததாகிமாஸும் அப்படியே. 'இததாகு'ன்னா மூலத்துல தலைமேல ஏந்திக்கறது. கோயில் பிரசாதத்தைக் கண்ணுல ஒத்திக்கறோமே, அதுதான். கொச்சிஸோல இருக்கற 'ச்சிஸோ'ன்னா ஓடறது, நமக்கு விருந்து வைக்க ஒருத்தர் ஓடியாடினாரேங்கற பேச்சு. நம்ம பக்கம் சாப்பிட்டவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, பரிமாறினவங்கதான் "போதுமா, இன்னும் கொஞ்சம்"னு கெஞ்சணும். இங்க அவங்க பழக்கம் நம்மளதைவிட மேல். எடுத்துக்கலாம், வெக்கமில்லை.

வாசல் பேச்சுக்கு மட்டும் வீட்டுல ஒரு ஏற்பாடு பண்ணிக்கிட்டோம். அவ ததாய்மா சொல்லட்டும், தடை இல்லை. உள்ளேர்ந்து பதில் ஒகாயெரி வராது, "வந்துட்டியா"ன்னுதான் வரும். அவ இத்தெகிமாஸ்னா நாங்க "போயிட்டு வா, பாத்துப் போ". முதல் வாரம் ஒரு மாதிரி பாத்தா. இப்ப பாதி நாள் "வந்துட்டேன்"னு வருது, பாதி நாள் ததாய்மா. நான் வேலையிலேர்ந்து வரும்போது "ததாய்மா"ன்னு விளையாட்டுக்குச் சொன்னேன், உள்ளேர்ந்து "வந்துட்டியாப்பா?"ன்னு குரல்.

ஆச்சி விஷயம் கொஞ்சம் நேரம் எடுத்துது. "சாப்ட்டியா"ங்கறது ஒதெகாகெ மாதிரின்னு சொன்னேன். ஜப்பானிய உதாரணம் சொன்னதும் பளிச்சுன்னு புரிஞ்சுது. அடுத்த ஞாயித்துக்கிழமை ஆச்சி கேட்டாங்க. "சாப்ட்டேன் ஆச்சி, நீங்க சாப்ட்டீங்களா?"ன்னா. எங்கம்மா என்ன சமைச்சாங்க, யார் வீட்டுலேர்ந்து முருங்கைக்காய் வந்துது, புளி என்ன விலைன்னு இருபது நிமிஷம் பேசினாங்க. கடைசியில "வைக்கட்டுமா?"ன்னு கேட்டாங்க. இவ உடனே "வைங்க"ன்னு சொல்லிட்டு வெச்சுட்டா. அடுத்த பாடம் அதுதான். "வைக்கட்டுமா"ன்னு கேட்டா "சரி ஆச்சி"ன்னு சொல்லணும், அவங்க "உடம்பைப் பாத்துக்கோ"ம்பாங்க, நீ "நீங்களும்"ங்கணும், மறுபடி "சரி, அப்ப, வைக்கட்டுமா", இப்படி மூணு தடவை போனப்புறம்தான் வைக்கணும்.

பி.கு.: புதுசா ஜப்பான் வர்றவங்களுக்கு. வேலை முடிச்சுக் கிளம்பறவங்ககிட்ட "ஒத்ஸுகாரெசமா தெஷ்தா" சொல்லுங்க, களைச்சுப்போயிருப்பீங்கன்னு அர்த்தம், எல்லாருக்கும் பொருந்தும். "கொகுரோசமா"ன்னு ஒண்ணு இருக்கு, அது மேல இருக்கறவங்க கீழ இருக்கறவங்களுக்குச் சொல்றது. மேனேஜர்கிட்ட சொல்லிடாதீங்க. போன்ல "மொஷிமொஷி"ன்னா "சொல்றேன், சொல்றேன்". நாம போனை எடுத்ததும் "சொல்லுங்க"ம்போம். ரெண்டு பக்கமும் பொருத்தமாத்தான் இருக்கு.